முதல் வரியை விட்டுவிடு

எட்டு நாளாக ஒரு முட்டிகூடத் தோற்கவில்லை என்று எங்கள் முதலாளி அறிவுக்கரசு சார் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி வந்திருந்தார். பெட்டியைத் தாமே திறந்து மேசை மேசையாக நீட்டிக்கொண்டு போனார். சோதனைப் பிரிவு வைத்தீஸ்வரன் இரண்டு எடுத்தார். நான் ஒன்று எடுத்துக் கடித்தேன். பாதிதான் உள்ளே போயிருக்கும். மீதிப் பாதி கையிலேயே நின்றுவிட்டது. எட்டு நாளாகப் பூஜ்யமா, அது எப்படி?

என் பெயர் ரஹ்மத் நிஷா. எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது பாராட்டினால் சந்தோஷப்பட மாட்டேன், எங்கே சொதப்பியிருக்கிறோம் என்று தேட ஆரம்பித்துவிடுவேன். என் வீட்டுக்காரர் இதை வியாதி என்பார். கல்யாணத்தன்று பிரியாணி நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னதற்கு நான் உப்பைப் பரிசோதிக்கப் போய்விட்டேனாம். இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

எங்கள் கம்பெனியின் பெயர் 'அடியெடு'. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இருக்கிறது. செயற்கை முழங்கால் செய்கிறோம், ஆபீசில் அதை முட்டி என்போம். ஆயிரத்து நூற்று நாற்பது பேர் எங்கள் முட்டியால் நடக்கிறார்கள். நேற்று நீங்கள் எங்கே தடுமாறினீர்கள், எந்தப் படியில் யோசித்தீர்கள், எந்தக் கல்லில் வழுக்கினீர்கள் என்பதையெல்லாம், நீங்கள் தூங்கும்போது சார்ஜில் கிடக்கும் முட்டி எங்களுக்கு அனுப்பிவிடும். விடிவதற்குள் எங்கள் எந்திரங்கள் உங்களுக்கென்றே ஒரு மென்பொருளைப் புதிதாகக் கட்டிமுடிக்கும். அதற்குப் பெயர் பில்டு. கட்டிய கையோடு சோதித்தும் பார்த்து, என்னென்ன செய்தோம் என்று ஒன்பதாயிரம் வரியில் ஒரு லாக் எழுதும். எந்தச் சோதனையிலாவது தோற்றிருந்தால் அதைத் தலையிலேயே ஒரே வரியில் சொல்லிவிடும். காலை ஆறு மணிக்கு உங்கள் முட்டிக்குப் புதுப் புத்தி ஏறியிருக்கும். நீங்கள் எழுந்து மாட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

ஆளுக்கு ஒன்பதாயிரம் வரி என்றால் தினமும் ஒரு கோடி வரி. மனுஷர் யாராவது படிப்பார்களா? அதனால் லாகைப் படிக்க ஒரு நிரல் வைத்திருக்கிறோம். அதன் வேலை ஒன்றே ஒன்று. லாகில் 'தோல்வி' என்ற சொல் இருந்தால் அந்த பில்டை நிறுத்திவிட்டு முட்டியில் நேற்றைய மென்பொருளையே விட்டுவைக்கும். இல்லாவிட்டால் 'தேர்ச்சி' என்று அனுப்பிவிடும். ஹெட்மாஸ்டர் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். அதை எழுதியது நான்.

ஆயிரத்துச் சொச்சம் பேர் நடந்தால் தினம் மூன்று நான்கு தோல்வி வராமல் இருக்காது. ஒருவருக்குக் கால் வீங்கியிருக்கும், ஒருவர் செருப்பை மாற்றியிருப்பார், ஒருவருடைய முட்டி பழசாகியிருக்கும். எட்டு நாளாக ஒன்றும் இல்லையென்றால், ஒன்று ஊர் முழுக்க ஞானம் பெற்றிருக்க வேண்டும், அல்லது ஹெட்மாஸ்டர் தூங்கியிருக்க வேண்டும். ஊரைப் பற்றி எனக்குத் தெரியும்.

கையைத் துடைத்துக்கொண்டு அன்றைய லாகுகளில் ஒன்றைத் திறந்தேன். மூன்று வருடத்தில் நான் கண்ணால் படித்த முதல் லாக் அது. அதில் ஒன்றும் இல்லை. பத்தைத் திறந்தேன், இருபதைத் திறந்தேன். பிறகுதான் புத்தி வந்து, எல்லா லாகிலும் 'தோல்வி' என்ற சொல்லை நானே தேடச் சொன்னேன். முதலில் வந்து நின்றது முட்டி எண் ஒன்று. அதன் முதல் வரி இது: 'இறங்குமுகச் சோதனை: தோல்வி.' அதே லாகை ஹெட்மாஸ்டர் காலையில் படித்து, தேர்ச்சி போட்டு அனுப்பியிருந்தது.

எட்டு நாளுக்குமாகத் தேடினேன். இருபத்தேழு பேர்.

என்ன ஆயிற்று என்று பார்க்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. லாகைச் சுத்தம் செய்ய ப்ளக்-இன் என்கிற ஒரு ஒட்டு நிரல் வைத்திருந்தோம். உலகத்தில் எங்கோ யாரோ சும்மா எழுதிக் கொடுத்தது, பாதி உலகம் அதைத்தான் பயன்படுத்துகிறது. எட்டு நாளைக்கு முன் அது விடியற்காலையில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. புதிய பதிப்பில் என்ன மாற்றம் என்ற குறிப்பில் ஆறாவதாக ஒரு வரி: 'பயனற்ற ஒற்றை எழுத்து வரிகள் இனி நீக்கப்படும்.' எங்கள் லாகில் ஒற்றை எழுத்து வரி ஒன்றே ஒன்றுதான் உண்டு. எல்லா லாகின் தலையிலும், தனியாக, பிள்ளையார் சுழி.

அதை எடுத்ததால் ஒரு குடியும் முழுகியிருக்காது. முழுக வைத்தது நான் எழுதிய ஒரு வரி. ஹெட்மாஸ்டர் லாகைத் திறந்ததும் முதலில் செய்வது இதுதான்: முதல் வரியை விட்டுவிடு.

இந்த இடத்தில் நான் யோக்கியமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வரியை அழிக்க எனக்கு ஐந்து விநாடி போதும். அழித்துவிட்டு, ப்ளக்-இன் கெடுத்துவிட்டது சார் என்று போய் நின்றால் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். கை பொத்தான் வரைக்கும் போனது. திரையில் இருபத்தேழு பெயர் இருந்தது. அப்படியே எழுந்து சார் அறைக்குப் போய்விட்டேன்.

அறிவுக்கரசு சார் அறுபதை நெருங்குகிறவர். எப்போதும் கறுப்புச் சட்டை. கம்பெனியை ராகு காலத்தில்தான் தொடங்கினார், அதையும் அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் போட்டார். நான் சொன்னதை நின்றுகொண்டே கேட்டார்.

"முதல் வரியை எதுக்கு அம்மிணி விடச் சொன்னே?"

"அதுல பிள்ளையார் சுழி இருந்துச்சுங்க சார்."

"இருந்தா எடுத்திருக்கலாமே. இல்ல, என்னைக் கேட்டிருக்கலாமே."

கேட்டிருக்கலாம். ஆனால் நான் சேர்ந்த புதிதில் என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். லாகின் தலையில் சுழி. முதலாளி கறுப்புச் சட்டை. பக்கத்து மேசையில் வைத்தீஸ்வரன், நெற்றி நிறைய விபூதி. அவர்தான் சாருக்குத் தெரியாமல் செருகியிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். சாரிடம் கேட்டால் வைத்தி மாட்டிக்கொள்வார். நானே எடுத்தால் அவர் மனசு புண்படும். அதோடு, ரஹ்மத் நிஷா என்று பெயரை வைத்துக்கொண்டு வந்த வாரமே பிள்ளையார் சுழியை அழித்தவள் என்ற பேச்சு எனக்கு எதற்கு? அடுத்தவர் சாமி, நமக்கேன் வம்பு என்று மரியாதையாகத் தாண்டிப் போகும்படி எழுதினேன். சுழி இருந்தால் மட்டும் தாண்டு என்று எழுதியிருந்தால்கூடத் தப்பியிருக்கும். மரியாதை அதிகமாகிப்போய், எது இருந்தாலும் தாண்டு என்று எழுதிவிட்டேன்.

நான் சாரிடம் இதையெல்லாம் சொல்வதைக் கேட்டு, வாசலில் நின்ற வைத்தி உள்ளே வந்தார். "நான் போடலீங்க," என்றார். "சார் வீட்டம்மா சொல்லிப் போட்டதுன்னுல்ல இத்தனை நாளா நினைச்சுட்டிருந்தேன். நமக்கும் ஒரு துணை இருக்குன்னு சந்தோசமா விட்டுட்டேன்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுழியைப் பற்றி அவர் அப்புறம் எதுவும் கேட்கவில்லை. இருபத்தேழு முட்டிக்கும் பழைய மென்பொருளை உடனே திருப்பி அனுப்பச் சொன்னார். அதோடு நிற்காமல், ஒவ்வொருவரையும் நாங்களே போனில் கூப்பிட வேண்டும், தப்பு நம்முடையது என்று சொல்ல வேண்டும் என்றார். கம்பெனி வக்கீல் திரையில் தோன்றி, தப்பு என்ற சொல்லைத் தவிர்க்கலாமே என்று இழுத்தார். சார் திரையை அணைத்துவிட்டார்.

நாங்கள் மூன்று பேரும் பிரித்துக்கொண்டு கூப்பிட்டோம். திட்டுவார்கள் என்று காதைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒருவர்கூடத் திட்டவில்லை, அதுதான் என்னை என்னவோ செய்தது. பொள்ளாச்சியில் ஒரு டெய்லர், செவ்வாய்க்கிழமை கடைப்படியில் மடங்கி விழுந்து மோவாயில் நாலு தையல் போட்டிருக்கிறார். எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"முட்டி மேல தப்பில்லீங்க. நான்தான் வேற ஞாபகத்துல கால வெச்சுட்டேன்," என்றார். ஹெட்மாஸ்டர் தேர்ச்சி போட்டவர்களுக்குத் தினமும் காலையில் 'உங்கள் முட்டி நூறு சதவீதம் நலம்' என்று எங்களிடமிருந்து ஒரு செய்தி போகும். முட்டி நலம் என்றால், விழுந்தது யார் தப்பு? உடுமலையில் ஒரு கல்லூரி ஆசிரியர் ஐந்து நாளாக மாடிப்படியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்கியிருக்கிறார். தனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தாராம். அவருக்கு முப்பத்தொன்பது. இப்படி இருபத்தாறு பேரும் ஆளுக்கொரு குற்றத்தைத் தங்கள் மேலேயே போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொருவரிடமும், உங்கள் தப்பு இல்லைங்க, எங்கள் தப்பு என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

இருபத்தாறு முட்டியில் பழைய மென்பொருள் ஏறிவிட்டது. ஒன்றில் ஏறவில்லை. முட்டி எண் ஒன்று, தெய்வானை.

தெய்வானை அன்னூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். எங்கள் முதல் முட்டியை வாங்கியவர் அவர்தான். அவருடைய முட்டிதான் இருப்பதிலேயே பழசு, இறங்குமுகச் சோதனையில் தோற்றதற்கும் அதுதான் காரணம். போன் போகவில்லை. பள்ளிக்கூடத்தைக் கூப்பிட்டால், டீச்சர் முப்பத்திரண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கழுகுக்கரடு ஏறப் போயிருக்கிறார், பஸ் ஏழு மணிக்கே கிளம்பிவிட்டது என்றார்கள்.

கழுகுக்கரடு சத்தியமங்கலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. உச்சியில் ஒரு இடிந்த கோட்டை. ஆயிரத்து நூறு படி, ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் சும்மா காற்று. கைப்பிடிக் கம்பி கிடையாது. யானை வழித்தடம் என்பதால் அந்தப் பக்கம் பத்து கிலோமீட்டருக்கு சிக்னலே கூடாது என்று சட்டம். ட்ரோனும் பறக்கக் கூடாது. யானைக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை.

"ஏறும்போது என்ன ஆகும்?" என்று சார் வைத்தியைக் கேட்டார்.

"ஏறுறதுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. ஏறுமுகம் தேர்ச்சிதான். இறங்கறப்போ, நல்ல கால் கீழ்ப்படிக்குப் போகையில முட்டி உடம்பைத் தாங்கிப் பிடிக்கணும். அதைப் பிடிக்காது. சட்டுனு மடங்கிரும்."

மணி பத்தரை. எட்டரைக்கு ஏறத் தொடங்கியிருந்தால் பத்துக்கு உச்சி. பிள்ளைகள் சாப்பிட்டு, விளையாடி, பன்னிரண்டுக்கு இறங்கத் தொடங்குவார்கள். முட்டியில் நேராகச் செருகி மென்பொருள் ஏற்றும் கம்பியையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு நானும் சாரும் காரில் ஏறினோம்.

கார் தானே ஓட்டுகிற ரகம். சட்டம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு வேகம்தான் போகும். கோவில்பாளையத்தில் ஒரு மாடு குறுக்கே நின்றபோது அது போகட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தது. நான் மாட்டையும் திட்டினேன், காரையும் திட்டினேன். அன்னூர் தாண்டி, புளியம்பட்டி வரும்போது சார் மெதுவாகப் பேசினார்.

"அந்தம்மா முதல் நாள் முட்டியை மாட்டிக்கிட்டு எங்கிட்ட என்ன கேட்டாங்க தெரியுமா? எல்லாரும் இது ஓடுமா, மாடி ஏறுமான்னு கேப்பாங்க. இவங்க, இது இறங்குமான்னு கேட்டாங்க. லாரி இடிச்சுக் கால் போனப்போ அவங்க பஸ்சை விட்டு இறங்கிட்டிருந்தாங்க."

அப்புறம் வழியெல்லாம் நான் காரைத் திட்டவில்லை.

சோதனைச் சாவடியில் போனை வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். மடிக்கணினியை விடமாட்டேன் என்ற வனக்காவலரிடம் சார் இரண்டு கையையும் கூப்பினார். கறுப்புச் சட்டைக்காரர் கைகூப்பி நான் பார்த்ததில்லை. அந்தக் காவலர் என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார். அடிவாரத்தில் காலி பஸ் நின்றது. டிரைவர் வேப்பமரத்தடியில் படுத்திருந்தார். பிள்ளைகள் அப்போதே இறங்க ஆரம்பித்துவிட்டார்கள், சத்தம் கேட்கிறது பாருங்கள் என்றார்.

மணி இன்னும் பன்னிரண்டாகவில்லை. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு படியில் ஓடினேன். ஐம்பது படியில் மூச்சு வாங்கியது. நூறு படியில் சார் பின்னால் எங்கோ இருந்தார். இருநூறாவது படியில் ஒரு விசில் சத்தம் கேட்டு நின்றேன். விசில், கொஞ்சம் அமைதி, பிறகு ஒரே சிரிப்பு. மறுபடி விசில். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வளைவு திரும்பினேன்.

மேலே முப்பத்திரண்டு பிள்ளைகளும் பாறைப் பக்கமாக ஒட்டி, ஒருவர் பின் ஒருவராகப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், வாயில் விசிலோடு, டிராக் பேன்ட் முழுக்கச் செம்மண்ணாகத் தெய்வானை டீச்சர் உட்கார்ந்திருந்தார். விசில் ஊதினார். முப்பத்து மூன்று பேரும் பின்புறத்தைத் தூக்கிக் கீழ்ப்படியில் வைத்தார்கள். பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். கடைசியில், கூட வந்த தமிழ் ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முனகியபடி அதையே செய்துகொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவில்லை, மறைக்க மூச்சும் இல்லை.

"யாருங்க நீங்க? என்னாச்சு?" என்றார் டீச்சர். சொன்னேன். அதற்குள் சாரும் பாறையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவரைப் பார்த்ததும் டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, சாரே வந்துட்டீங்களா. எதுக்குச் சிரமம்? இறங்கறதுல தோல்வின்னு காலைலயே போட்டிருந்தீங்களே. அதான் சீக்கிரமே கிளம்பி உக்காந்தே வர்றேன். நான் மட்டும் உக்காந்தா பிள்ளைங்க பயந்துருங்கன்னு எல்லாத்தையும் உக்கார வெச்சுட்டேன்."

லாகை எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அதனால் தினமும் செய்தியின் அடியில் ஒட்டி அனுப்புவோம். அதை யாராவது திறப்பார்கள் என்று எங்களில் ஒருவரும் கனவிலும் நினைத்ததில்லை.

"நீங்க லாக் படிப்பீங்களா மிஸ்?" என்று கேட்டேன்.

"அத்தனையும் யாரு படிக்கறது? முதல் வரி மட்டும் பார்ப்பேன். சார் சுழி போட்டிருந்தா காலை மாட்டிக்குவேன். அவ்வளவுதான். எட்டு நாளா சுழியைக் காணோம், சார் ஊர்ல இல்லையோன்னு நினைச்சு மாட்டிக்கிட்டிருந்தேன். இன்னைக்குப் பார்த்தா அந்த இடத்துல தோல்வின்னு இருக்கு. உங்க ஆபீசுக்குப் போன் போட்டேன். மெஷின் எடுத்து, நூறு சதவீதம் நலம்னு சொல்லி வெச்சிருச்சு. ஏறுறதுக்குத்தான் ஒண்ணும் சொல்லலியே. பிள்ளைங்க மூணு மாசமாக் காத்துக் கெடந்துச்சுங்க, எப்படி வேண்டாம்னு சொல்றது?"

நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன். சுழியைப் போட்டது இவரா? கறுப்புச் சட்டை வேர்வையில் ஒட்டியிருக்க, சார் டீச்சருக்குக் கீழே ஒரு படியில் உட்கார்ந்தார்.

அங்கே வைத்துத்தான் எனக்கு முழுக் கதையும் தெரிந்தது. மெஷின் கட்டின காலை எப்படி நம்புவது என்று முதல் நாள் டீச்சர் கேட்டிருக்கிறார். தினமும் காலையில் நானே படித்துப் பார்ப்பேன், பார்த்ததற்கு அடையாளமாக முதல் வரியில் ஒரு குறி போடுவேன் என்று சார் வாக்குக் கொடுத்திருக்கிறார். என்ன குறி என்று கேட்டதற்கு, பிள்ளையார் சுழிதான் வேண்டும் என்று டீச்சர் பிடிவாதமாகச் சொல்லியிருக்கிறார். சார் தலையில் அடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டிருக்கிறார்.

டீச்சர் அதைப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சிரித்துச் சிரித்துச் சொன்னார். சார் சிரிக்கவில்லை.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும்," என்றார். "முதல் நாலு மாசம் நான்தான் படிச்சேன். ஒவ்வொரு வரியும் படிச்சேன். அப்புறம் ஆளுங்க அம்பதாச்சு, நூறாச்சு. முடியல. சுழியை மட்டும் மெஷினே போடற மாதிரி பண்ணி வெச்சுட்டேன். உங்களுக்கு மட்டும் போட்டா நல்லாயிருக்காதுன்னு எல்லாருக்கும் போட வெச்சேன். ஆறு வருசமா அதை யாரும் படிக்கலீங்க. சுழி சும்மா வந்துட்டிருந்துச்சு."

டீச்சர் வாயிலிருந்த விசிலைக் கையில் எடுத்தார். கீழே சமவெளியைப் பார்த்தார். அடிவாரத்தில் நின்ற பஸ் அங்கே தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது.

"அப்ப இத்தனை வருசமா நான் யாரை நம்பிங்க சார் இறங்கினேன்?" என்று கேட்டார்.

சுழியை மெஷின் போட்டது. படிக்க வைத்த நிரல் அதையும் தாண்டிப் போனது. தாண்டச் சொன்னவள் நான். பயனற்ற ஒற்றை எழுத்து என்று அந்த ப்ளக்-இன் சொன்னது ஒன்றுதான் இதில் உண்மை.

பின்னாலிருந்து ஒரு பெண் குழந்தை, மிஸ், விசில் என்றாள். டீச்சர் ஊதினார். எல்லோரும் ஒரு படி இறங்கினார்கள்.

நான் கம்பியைச் செருகிப் பழைய மென்பொருளை ஏற்றினேன். மூன்று நிமிடம்தான். இனி எழுந்து நடக்கலாம் மிஸ், சரியாகிவிட்டது என்றேன். அவர் முட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இப்படியே வருகிறேன் கண்ணு, இதுதான் எனக்குச் சரியாகத் தெரிகிறது என்றார். அதனால் நானும் உட்கார்ந்தேன், சாரும் எழுந்திருக்கவில்லை. மீதி இருநூற்றுச் சொச்சம் படியையும் நாங்கள் முப்பத்தாறு பேரும் விசிலுக்கு விசில் உட்கார்ந்தே இறங்கினோம். ஒரு வாரம் எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை.

அடுத்த நாளிலிருந்து தெய்வானை டீச்சர் முட்டியை மாட்டவில்லை. பழையபடி ஊன்றுகோல்களோடு பள்ளிக்கூடம் போகிறார் என்று கேள்விப்பட்டோம். சார் ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்கும் நடந்ததை நடந்தபடி கடிதம் எழுதினார். வக்கீல் வேலையை விட்டுவிட்டார். தொண்ணூறு பேர் முட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இப்போது ஆபீஸ் ஐந்து மணிக்கே தொடங்கிவிடுகிறது. 'முதல் வரியை விட்டுவிடு' என்ற வரியை நானே அழித்தேன். ஹெட்மாஸ்டர் இருக்கிறது, ஒன்பதாயிரம் வரியையும் அதுதான் படிக்கிறது. ஆனால் ஒவ்வொரு லாகின் முதல் பக்கத்தையும் எங்கள் பதினோரு பேரில் ஒருவர் கண்ணால் படித்தாக வேண்டும். ஆளுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலே. முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது, கண் எரிகிறது, தினமும் முணுமுணுக்கிறோம். படித்தவர் அந்த லாகின் தலையில் தன் பெயரைத் தன் கையால் அடிக்க வேண்டும், மெஷின் அடிக்கக் கூடாது. வைத்தி மட்டும் பெயருக்கு முன்னால் சுழியையும் போட்டுக்கொள்கிறார். சார் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறார்.

முட்டி எண் ஒன்றுக்கும் தினமும் பில்டு ஓடியது. மாட்டாத காலுக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. சார் அதைத் தானே படித்து, 'அறிவுக்கரசு' என்று முழுசாக அடித்து அனுப்புவார். பதில் வராது. பதினோராம் நாள் சாருக்குக் காய்ச்சல். அந்த லாக் என் பங்குக்கு வந்தது.

நான் முதல் வரியைப் படித்தேன், முதல் பக்கத்தைப் படித்தேன், அதோடு விட மனசு வராமல் இறங்குமுகச் சோதனை முழுவதையும் விரலை வைத்து வரி வரியாகப் படித்தேன். அதில் மட்டும் அறுநூறு வரி. எல்லாம் சரியாக இருந்தது. தலைப்புக்குப் போய் 'நிஷா' என்று அடித்து அனுப்பினேன்.

ஆறு ஐந்துக்கு ஒரு செய்தி வந்தது. தெய்வானை டீச்சர்.

"யாருங்க இது நிஷா? புதுச் சாமியா?"

"இல்லீங்க மிஸ்," என்று எழுதினேன். "ஆளுதாங்க. அன்னைக்கு உங்க பின்னாடி உக்காந்து இறங்கினேனே, அந்த ஆளு."

அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த லாகைத் திறந்து படிக்கத் தொடங்கினேன். நாலாவது வரியில் இருந்தபோது, திரையின் ஓரத்தில், முட்டி எண் ஒன்றுக்கு நேராகப் பச்சை விளக்கு எரிந்தது. காலை மாட்டிக்கொண்டுவிட்டார்.